இருண்ட திரைக்கு ஓர் எல்.இ.டி. பட்டை: ஏழு மாதம் பயன்படுத்திய பிறகு

112-ஆம் பக்கத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தபோது திரை அணைந்தது. ஒரு நொடி லேசாகச் சிவந்தது, அப்புறம் கருப்பு. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கேப்ஸ் லாக் விசையைத் தட்டினால் அதன் பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. லேப்டாப் உயிரோடு இருந்தது, முகம்தான் தெரியவில்லை.

2006-இல் வாங்கியது அது. 14.1 அங்குலம், 4:3 திரை. நாள் முழுக்கப் புத்தகப் பக்கம் பார்ப்பவர்களுக்குத் தெரியும், அகலத் திரையில் ஒரு பக்கத்தை முழுதாகக் கொண்டுவந்தால் எழுத்து எறும்பாகிவிடும். இந்தத் திரையில் பக்கம் நிமிர்ந்து நிற்கும். விசைகளும் ஆழமாக இறங்கி எழும், விரலுக்கு வலியில்லை. பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் அதைத் திறக்காமலேயே, “மதர்போர்டு போயிருக்கும், இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க” என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கடைசியில் போயிருந்தது திரைக்கு வெளிச்சம் தரும் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய் மட்டுமே. அதற்குப் பதிலாக நான் வாங்கிப் பொருத்திய எல்.இ.டி. பேக்லைட் (பின்விளக்கு) கிட்டைப் பற்றியதுதான் இந்த விமர்சனம்.

ஆனால் கிட்டைப் பற்றிச் சொல்லும் முன் கோளாறைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கிட் ஒரே ஒரு நோய்க்குத்தான் மருந்து. வேறு நோய்க்கு வாங்கினால் பணமும் வீண், நன்றாக இருக்கும் பேனலும் கையில் கெட்டுப்போகும்.

முதலில் டார்ச். அறை விளக்கை அணைத்துவிட்டு, மகளை அழைத்து டார்ச்சைத் திரையோடு ஒட்டிச் சாய்வாகப் பிடிக்கச் சொன்னேன். நேராக அடித்தால் வெளிச்சம் திரும்பி வந்து கண்ணைக் கூசவைக்கும். பக்கவாட்டில் சாய்த்து, அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். திரையின் நடுவுக்கு வந்தபோது அவள், “அம்மா, இங்க பாரும்மா, எழுத்து தெரியுது!” என்றாள். தெரிந்தது. ஆழக் கிணற்றில் விழுந்த காசு மாதிரி, மங்கலாக, 112-ஆம் பக்கம். நான் சரிசெய்து முடிக்காத ஒற்றுப்பிழைக்குப் பக்கத்தில் கர்சர்கூட மினுக்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு வந்த நிம்மதியை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

இதன் காரணம் எளிது. எல்.சி.டி. திரை தானாக ஒளிராது. பின்னாலிருந்து வரும் வெள்ளை வெளிச்சத்தைப் புள்ளி புள்ளியாகத் தடுத்தும் விட்டும் படமாக்குவதுதான் அதன் வேலை. பின்விளக்கு அணைந்தாலும் படம் அங்கேயே இருக்கும். டார்ச் ஒளி உள்ளே போய்ப் பின்தகட்டில் பட்டுத் திரும்பி வரும்போது அது மங்கலாகத் தெரிகிறது. டார்ச்சில் படம் தெரிந்தால் மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் சிப் எல்லாம் நலம் என்று பெரும்பாலும் நம்பலாம். பேக்லைட் பக்கம்தான் தேட வேண்டும்.

டார்ச்சிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் வழி வேறு. பேட்டரி, அடாப்டர் இரண்டையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு அடாப்டரை மட்டும் போட்டுப் பாருங்கள். ராமைக் கழற்றித் திரும்பச் செருகுங்கள். வி.ஜி.ஏ. கம்பியில் வெளி மானிட்டரை இணைத்துப் பாருங்கள். வெளி மானிட்டரிலும் படம் இல்லையென்றால் பழுது திரையில் இல்லை. அங்கே படம் வந்து, டார்ச்சில் மட்டும் வரவில்லையென்றால் கேபிளையோ பேனலையோ சந்தேகிக்கலாம். இவை எதற்கும் இந்தக் கிட் உதவாது.

பேக்லைட் மட்டும் போனதுபோல ஏமாற்றும் கோளாறுகளும் இரண்டு உண்டு. ஒன்று, மூடி சுவிட்சு. மூடியை மூடினால் விளக்கை அணைக்கச் சொல்லும் சுவிட்சு அது. சிலவற்றில் கீலுக்குப் பக்கத்தில் குட்டி பிளாஸ்டிக் முள்ளாக இருக்கும், சிலவற்றில் உள்ளே காந்தத்தால் இயங்கும். அது ஒட்டிக்கொண்டால், மூடி திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக லேப்டாப் நினைத்துக்கொள்ளும். என்னுடையதில் முள் வகை. பத்து முறை தட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. இன்னொன்று, கீல் வழியாகப் போகும் கேபிள். வருடக்கணக்கில் திறந்து மூடியதில் உள்ளே இழை அறுந்திருக்கலாம். மூடியை மெதுவாகச் சாய்த்து நிமிர்த்தும்போது ஏதாவது ஒரு கோணத்தில் வெளிச்சம் வந்து வந்து போனால் குற்றவாளி அதுதான். என்னுடையதில் எந்தக் கோணத்திலும் ஒரே கதை: ஆன் செய்ததும் ஒரு நொடி சிவந்த வெளிச்சம், அப்புறம் இருட்டு.

மிச்சம் இருந்தது இரண்டு பேர். ஒன்று குழாய், மற்றது அதை எரிக்கும் இன்வெர்ட்டர். மின்சாரம் போனால் கைகொடுக்கும் அந்த இன்வெர்ட்டர் இல்லை இது. திரைக்குக் கீழே சட்டத்துக்குள் படுத்திருக்கும் ஒல்லியான பலகை. லேப்டாப் தரும் டி.சி.யைப் பல நூறு வோல்ட் ஏ.சி.யாக மாற்றிக் குழாய்க்குக் கொடுக்கும். குழாயைப் பற்றவைக்கும் கணத்தில் அது 1000 வோல்ட்டையும் தாண்டும். ஆகவே லேப்டாப் ஓடும்போது குழாய்க்குப் போகும் பக்கத்தில் கை வைக்கவே கூடாது, சாதாரண மல்டிமீட்டரையும் வைக்கக் கூடாது, மீட்டர் கெட்டுவிடும். உள்ளே வரும் பக்கத்தை மட்டும் அளந்தேன். ஒரு பின்னில் (இணைப்பு ஊசியில்) 19 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கூட. இன்னொன்றில் ஆன் செய்த சில நொடிகளில் பூஜ்யத்திலிருந்து 3.3-க்கு ஏறியது. அது ‘எரி’ என்று சொல்லும் சைகை. மூன்றாவதில் வெளிச்சம் கூட்டும் விசையை அழுத்த அழுத்த வோல்ட் மாறியது. மதர்போர்டு தன் கடமையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. போயிருக்கும் என்று சொல்லப்பட்ட அதே மதர்போர்டு!

கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய பேனல் வீட்டில் கிடந்தது. அதன் குழாயின் பிளக்கை என் இன்வெர்ட்டரில் செருகி ஆன் செய்தேன். வெள்ளை வெளேரென்று எரிந்தது. ஆக, இன்வெர்ட்டரும் நலம். குழாய்தான் தேய்ந்துபோயிருந்தது. முதல் நொடியில் வந்த அந்தச் சிவப்பு நிறம் முதலிலேயே அதைத்தான் சொன்னது. இந்தக் குழாய்கள் வயதானால் சிவந்து எரியும், மினுக்கும், பிறகு சரியாகப் பற்றாமல் போகும். குழாய் ஒழுங்காக எரியவில்லை என்று தெரிந்ததும் இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள அணைத்துவிடும்.

இனி என் முன் மூன்று வழிகள். அதே அளவில் புதுக் குழாய் வாங்கலாம், ஆனால் நீளமும் கனமும் மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்த வேண்டும், இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடியின் முனையில் ஒயரை ஈயத்தால் பற்றவைக்கவும் வேண்டும். பயன்படுத்திய முழுப் பேனல் வாங்கலாம், ஆனால் அதன் குழாய்க்கும் என் குழாயின் வயதுதான் இருக்கும். மூன்றாவது வழி, குழாயையும் இன்வெர்ட்டரையும் சேர்த்து எடுத்துவிட்டு எல்.இ.டி. பட்டை வைப்பது. அதைத்தான் எடுத்தேன்.

கிட்டுக்கு பிராண்டு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரு மெல்லிய பட்டை, கட்டைவிரல் அளவில், பட்டைக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் ஒரு டிரைவர் பலகை, நான்கு ஒயர் கொண்ட ஒரு கொத்து. அவ்வளவுதான். பட்டையின் தரம் நல்லது. எல்.இ.டி.க்கள் நெருக்கமாகவும் ஒரே நேர்க்கோட்டிலும் இருக்கின்றன, நிறத்தில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியவில்லை. மூன்று எல்.இ.டி.க்கு ஒருமுறை செப்புப் புள்ளி இருக்கிறது, அங்கே மட்டும்தான் வெட்டலாம். மூன்று மூன்றாகத் தொடரில் இருப்பதால்தான் பட்டைக்கு 9.6 வோல்ட், ஒவ்வொன்றுக்கும் 3.2. என் பேனலுக்கு 28.5 செ.மீ. வேண்டும், வெட்டும் புள்ளி 28-இல் வந்தது. பட்டையை நடுவில் வைத்ததில் இருபுறமும் கால் செ.மீ. சமமாகப் பிரிந்துகொண்டது. மூலைகளில் நிழல் விழவில்லை.

வழிகாட்டித் தாள் மோசம். மோசம் என்று சொல்வதும் மரியாதைக்குத்தான். எந்த ஒயரை எங்கே கொடுப்பது என்று ஒரு சொல் இல்லை. படத்தில் இருக்கும் ஒயர் நிறமும் கையில் வந்த ஒயர் நிறமும் வேறு. நிறத்தை நம்பாதீர்கள். டிரைவர் பலகையிலேயே வி.ஐ.என்., ஜி.என்.டி., இ.என்.ஏ., டி.ஐ.எம். என்று நான்கு பெயர்கள் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. மின்சாரம், தரை (மின்சாரம் திரும்பிப் போகும் பின்), எரி-அணை சைகை, வெளிச்சக் கட்டுப்பாடு. நான் இன்வெர்ட்டரில் அளந்து கண்டுபிடித்த பின்களுக்கு இவை அப்படியே பொருந்தின. தரைப் பின்னைக் கண்டுபிடிக்க, லேப்டாப்பை அணைத்துப் பேட்டரியையும் கழற்றியபின், மீட்டரின் பீப் ஒலி முறையில் ஒரு முனையைத் திருகுத் துளையின் உலோகத்தில் வைத்து மற்றதால் ஒவ்வொரு பின்னாகத் தொட்டால் போதும். லேப்டாப்புக்கு லேப்டாப் பின் வரிசை மாறும். அடுத்தவர் போட்ட படத்தை நம்பி ஒயரைப் பற்றவைத்தால், 19 வோல்ட் போகக் கூடாத இடத்துக்குப் போய்விடும்.

மின் வேலை அரை மணி நேரம். பேனலைத் திறந்த வேலை ஒரு மாலை முழுக்க. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திரைச் சட்டத்தின் ரப்பர் மூடிகளைப் பெயர்த்து, திருகுகளைக் கழற்றி, சட்டத்தை நெம்பி எடுத்தால் பேனல் வெளியே வரும். அதைச் சுற்றி உலோகச் சட்டம், ஓரமெல்லாம் டேப். பேனலின் ஓரத்தில் ஒரு பச்சைப் பலகை, கண்ணாடியோடு பிலிம் சுருள் போன்ற மெல்லிய பட்டைகளால் இணைந்திருக்கும். அந்தப் பட்டை ஒன்று மடிந்து முறிந்தாலும் திரையில் நிரந்தரமாகக் கோடு விழும். அதனால் கண்ணாடியையும் பலகையையும் பிரிக்காமல் ஒன்றாகவே தூக்கி, அதே மட்டத்தில் வைக்க ஒரு தடித்த புத்தகத்தைப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தேன். மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணித்தான் தூக்கினோம்.

அதன் கீழே பால் நிறத்தாள்கள் மூன்று, அதற்கும் கீழே தடித்த அக்ரிலிக் தகடு. கீழோரத்தில் எரியும் ஒரு குழாயின் வெளிச்சத்தைத் திரை முழுக்கப் பரப்புவது அந்தத் தகடுதான். தகட்டின் ஓரத்தில் வெள்ளியாக மின்னும் காடி, அதற்குள் குழாய். இரு முனைகளிலும் வெள்ளை ரப்பர்த் தொப்பி. ஒரு தொப்பியை மெல்லப் பின்னுக்குத் தள்ளி, குழாயை வளைக்காமல் நேர்க்கோட்டில் இழுத்தேன். வந்தது. வைக்கோல் தாள் கனம்கூட இல்லை. இரண்டு முனைகளும் புகை பிடித்ததுபோலக் கருத்திருந்தன. இத்தனை வருடம் இதன் வெளிச்சத்தில்தான் படித்திருக்கிறேன், பார்த்ததே இல்லை. குழாய்க்குள் சிறிதளவு பாதரசம் உண்டு. உடைந்துவிட்டால் சன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரையும் வெளியே அனுப்பி, கெட்டி அட்டையால் சில்லுகளை அள்ளி, டேப்பால் பொடியை ஒற்றியெடுத்து மூடிய டப்பாவில் போட வேண்டும். துடைப்பமும் வாக்குவம் கிளீனரும் வேண்டாம்.

பட்டையைக் காடியில் செருகும்போது எல்.இ.டி.யின் முகம் அக்ரிலிக் தகட்டின் விளிம்பைப் பார்க்க வேண்டும். ஒயர் பற்றவைத்த இடம் காடியின் உலோகத்தில் பட்டால் ஷார்ட் ஆகும், அங்கே மஞ்சள் நிற வெப்ப டேப்பைச் சுற்றினேன். பட்டையின் பின்பக்கப் பசை காடியோடு நன்றாக ஒட்டினால் சூடும் அந்த உலோகத்தில் பரவிப் போகும். வாங்கும் முன் காடியின் அகலத்தை அளக்காமல் விட்டிருந்தால் இந்த இடத்தில் நான் மாட்டியிருப்பேன். பட்டைகள் 4 மி.மீ. அகலத்திலும் வருகின்றன, 2 மி.மீ. அகலத்திலும் வருகின்றன. என் காடிக்குள் 2 மி.மீ. மட்டும்தான் போகும்.

எல்லாவற்றையும் மூடி ஆன் செய்தோம். ஒரே வெள்ளை. மூலைக்கு மூலை சமமான வெளிச்சம், பழைய குழாய் புதிதாக இருந்தபோதுகூட இவ்வளவு இருந்ததாக நினைவில்லை. மகள் கைதட்டினாள். அப்புறம் 112-ஆம் பக்கத்தைத் திறந்தேன். மூன்றாவது வரியில் ‘பழகி’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘பழ்கி’ என்று இருந்தது. பக்கத்தை உருட்டினேன், எழுத்து நகர்ந்தது, புள்ளி நகரவில்லை. பால் நிறத்தாள்களுக்கு நடுவே ஒரு தூசு! வேறு வேலை செய்பவராக இருந்தால் விட்டிருக்கலாம். எழுத்தின் தலையில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதே என் வேலை. மறுநாள் திரும்பவும் எல்லாவற்றையும் பிரித்து, தாள்களை ஓரத்தில் மட்டும் பிடித்துத் தூக்கி, காற்றூதும் ரப்பர்ப் பந்தால் ஊதி, தூசை வெளியேற்றினேன். தாள்களைத் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழுந்தால் போகாது. தூசு பறக்காத அறையில், மின்விசிறியை அணைத்துவிட்டு, தாள்களை எடுத்த வரிசையிலேயே, எடுத்த பக்கமாகவே திரும்ப வையுங்கள்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. தினமும் ஆறு ஏழு மணி நேரம் ஓடுகிறது. ஒரு எல்.இ.டி.கூட அணையவில்லை, வெளிச்சம் குறைந்ததாகத் தெரியவில்லை. பழைய குழாய் சூடாகி முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிடம் பிடிக்கும், இது ஆன் செய்த கணமே முழுதாக எரிகிறது. இன்வெர்ட்டரின் மெல்லிய கீச்சொலி இத்தனை வருடம் கூடவே இருந்தது என்பதே அது போன பிறகுதான் தெரிந்தது.

குறைகளும் உண்டு. வெளிச்சக் கட்டுப்பாடு எனக்குத் திருப்தி தரவில்லை. விசையில் எட்டுப் படிகள் இருக்கின்றன, கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கடைசி மூன்றில்தான். என் லேப்டாப் கொடுக்கும் வோல்ட் எல்லையும் டிரைவர் எதிர்பார்க்கும் எல்லையும் ஒன்றாக இல்லை. மிகக் குறைந்த படியிலும் இரவு இருட்டில் வேலை செய்ய வெளிச்சம் அதிகம், பக்கத்தில் ஒரு மேசை விளக்கைப் போட்டுக்கொள்கிறேன். கிட் விற்பவர்கள் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நிறம் கொஞ்சம் நீலம் கலந்த வெள்ளை. முதல் வாரம் கண் உறுத்தியது. கணினியின் நிற அமைப்பில் நீலத்தைக் குறைத்ததும் சரியாகிவிட்டது. படங்களின் நிறத்தைத் துல்லியமாகப் பார்க்கும் வேலை என்றால் இந்தத் திரையை நம்ப வேண்டாம், எழுத்து வேலைக்கு எந்தக் குறையும் இல்லை.

இன்னொரு விஷயம் நான் எதிர்பார்க்காதது. டிரைவருக்கு உள்ளே போகும் மின்சாரம் 10 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. அடாப்டரில் கவலையில்லை. என் பேட்டரி 10.8 வோல்ட் வகை, சார்ஜ் தீரும் கட்டத்தில் அது 10-க்கும் கீழே இறங்கும். அப்போது திரை மங்கி நடுங்குகிறது. 14.4 வோல்ட் பேட்டரி உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை வராது. பேட்டரியின் அடியில் அச்சிட்டிருப்பதை வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு வாங்கச் சொல்வேன்? டார்ச்சில் படம் தெரிந்து, இன்வெர்ட்டருக்குள் வரும் மின்சாரமும் சைகையும் சரியாக இருந்து, பற்றவைக்கக் கை பழகியவர் என்றால் தயங்காமல் வாங்கலாம். பேனலைத் திறக்க மனம் வராதவர்கள், இன்வெர்ட்டர்தான் பழுது என்று உறுதியானால் அதை மட்டும் மாற்றுங்கள். அதற்குப் பேனலைப் பிரிக்கவே வேண்டாம். தொடக்கத்திலிருந்தே எல்.இ.டி. திரையோடு வந்த லேப்டாப்புகளுக்கு இந்தக் கிட் பொருந்தாது. அவற்றில் தனி இன்வெர்ட்டர் கிடையாது. படம் கொண்டுவரும் கேபிளிலேயே விளக்குக்கான மின்சாரமும் வந்துவிடும், சோதிக்கும் முறையும் வேறு.

கழற்றிய குழாயை ஒரு கெட்டி அட்டைக் குழலுக்குள் பஞ்சு வைத்துச் செருகியிருக்கிறேன். மேலே மகள் சிவப்பு மையில் ‘உள்ளே பாதரசம், உடைக்காதே’ என்று எழுதி ஒட்டினாள். மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கும்வரை அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். பழைய இன்வெர்ட்டர் நல்ல நிலையில் இருப்பதால் அதை உறையில் போட்டு, பேனலின் அளவை மேலே எழுதி வைத்திருக்கிறேன். இதே வயது லேப்டாப் வைத்திருக்கும் யாருக்காவது தேவைப்படும்.